நீ எழுதிய டி.எல்.எல். இன்னும் சாகவில்லை

அன்புள்ள மாப்ளே,

போன வாரம் நீ கூப்பிட்டபோது பேரன் போட்ட கூச்சலில் பாதி விஷயம் காதில் விழவில்லை. இனி போனில் சொன்னால் வேலைக்காகாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. திரையில் முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் இப்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். 2001-இல் நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு விஷுவல் பேசிக் 6 என்ற நம் விபி6-இல் ஒரு டி.எல்.எல். எழுதிக் கொடுத்தாயே, வேறு புரோகிராம்கள் கூப்பிட்டுக் கேட்கும் கணக்குத் துண்டு, மக்காச்சோளத்தின் ஈரத்துக்கு ஏற்ப எடையைக் குறைக்கும் ஈரக்கழிவு போடுவதற்கு? அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எடைமேடையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து நின்றுவிட, எல்லாமே செல்போனில் தெரிய வேண்டும் என்று முதலாளி கேட்க, வேலை என்னிடம் வந்தது. புது புரோகிராம் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 8-இல். உன் டி.எல்.எல்.லை மட்டும் அப்படியே உள்ளே குடிவைத்திருக்கிறேன்.

எடைக்கருவியிலிருந்து எண்ணை வாங்குவதுதான் பெரிய தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன். அது ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. சீரியல் கேபிளில் வரும் எண்ணைப் படிக்க நாம் எம்.எஸ்.காம் ஓ.சி.எக்ஸ் என்ற விபி துணைக்கருவியை வைத்து மல்லுக்கட்டியதெல்லாம், 2005-இல் டாட்நெட் 2.0 வந்ததிலிருந்து சீரியல்போர்ட் என்ற ஒரே கிளாஸ். எறிந்துவிட்டேன். தூக்கி எறிய வேண்டியதை எறிய எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கிழவன் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்பாய்.

உன் டி.எல்.எல்.லை முதல் தடவை கூப்பிட்டதும் 80040154 என்று ஒரு பிழை. கிளாஸ் பதிவாகவில்லையாம். பதிவு செய்தேன், திரும்பவும் அதே. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. விபி6 போடுவது 32 பிட் மட்டும்தான். என் புரோகிராம் 64 பிட். ஒரே பிராசஸுக்குள் இரண்டும் இருக்க முடியாது. இதில் ஒரு கூத்தைக் கேள்: 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில், 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பேர் வைத்தவர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

கடைசியில் உன் டி.எல்.எல்.லுக்கென்று தனியாக ஒரு சின்ன 32 பிட் புரோகிராம் எழுதினேன். பெரிய புரோகிராம் அதனோடு நேம்டு பைப் வழியாக, அதாவது இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே போட்ட குழாய் வழியாக, பேசிக்கொள்கிறது. உள்ளே எஸ்.டி.ஏ. வகையில் ஒரே ஒரு திரெட், ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். லாரிகள் வரிசையில் நிற்பதுபோல் கேள்விகளும் வரிசையில் நிற்கும். விபி6 ஆப்ஜெக்டைப் பல திரெட்டிலிருந்து ஒரே நேரத்தில் இழுத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விபி6-இல் எழுத உதவும் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் எழுதியது ஓடத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11-இலும் கூடவே வருகிறது. அந்த ஒன்றை நம்பித்தான் இதில் இறங்கினேன்.

முதல் நாள் ஓடவிட்டதும் ஒரு லாரி 30-12-1899 அன்று வந்ததாக பில் விழுந்தது. ஆய்வக நேரத்தை யாரும் நிரப்பாமல் விட்டால் நீ காலித் தேதியை அனுப்பியிருக்கிறாய். விபிக்குப் பூஜ்யம் என்றால் அந்த நாள்தானே. எடைமேடைப் பையன் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, வெள்ளைக்காரன் காலத்து லோடுங்களா?" என்கிறான்.

இதெல்லாம் சில்லறை. உனக்கு எழுத நினைத்தது வேறு.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி கெட்டிக்காரன். "இதற்குப் போய் எதற்குங்க ஒரு டி.எல்.எல்.? சூத்திரம் ஒரு வரிதானே" என்று இரண்டே நாளில் சி ஷார்ப்பில் எழுதிக் காட்டினான். நூறிலிருந்து ஈரத்தைக் கழி, 86-ஆல் வகு, எடையால் பெருக்கு. சரிதான். 18,450 கிலோ லோடு, ஈரம் 16.5, கிலோ 22 ரூபாய் என்று போட்டுப் பார்த்தோம். உன்னுடையதற்கும் அவனுடையதற்கும் 12 ரூபாய் 27 காசு இடித்தது. உன்னுடையதில் குறைவு. விவசாயி காசில் இத்தனை வருஷமாகக் கை வைத்திருக்கிறோமா என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

தோண்டிப் பார்த்தால், வகுத்து வந்ததை நீ கரன்சி வேரியபிளில் வைத்திருக்கிறாய். அதற்குத் தசமத்துக்குப் பின் நான்கே இடம். 83.5-ஐ 86-ஆல் வகுத்தால் 0.97093 என்று நீள்வது 0.9709 என்று நின்றுவிடுகிறது. டாட்நெட்டின் டெசிமலோ இருபத்தெட்டு இலக்கம் வரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதே லோடுக்கு ஈரம் 15.5 என்று போட்டேன். இந்தத் தடவை உன் கணக்கில்தான் 17 ரூபாய் கூடுதல். ஆக, திருட்டு இல்லை. அப்படியானால் கவனக்குறைவா?

மறுநாள் எடைமேடை அறைக்குப் போனேன். சுவரில் கண்ணாடி போட்ட பழைய அட்டவணை ஒன்று, ஒட்டடை படிந்து. ஈரம் இத்தனை என்றால் பெருக்கும் எண் இது. எல்லாம் நான்கு இலக்கம். 16.5-க்கு நேரே 0.9709. வியாபாரிகள் இன்றைக்கும் அதைப் பார்த்துக் கால்குலேட்டரில் தட்டிவிட்டுத்தான் பில்லில் கையெழுத்துப் போடுகிறார்கள். தம்பியின் புரோகிராமை ஓடவிட்டிருந்தால் முதல் நாளே ஆலை வாசலில் சண்டை நடந்திருக்கும்.

நீ தெரிந்துதான் கரன்சி போட்டாயா, தற்செயலா? உண்மையைச் சொல். கமென்ட் ஒரு வரி எழுதியிருக்கலாமே, பாவி! பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்கிற 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' மட்டும் பக்கத்துக்குப் பக்கம் எழுதத் தெரிந்தது.

தம்பியின் கணக்கையும் நான் தூக்கிப் போடவில்லை. நான்கு இலக்கத்துக்கு மாற்றச் சொல்லி, ஒவ்வொரு லாரிக்கும் இரண்டையும் ஓடவிடுகிறோம். பில்லில் ஏறுவது உன் எண்தான்; இரண்டும் ஒத்துப்போகாத லாரி மட்டும் தனியாகப் பதிவாகிறது. முதல் மாதம் ஒன்பது. ஒன்பதும் பூஞ்சை பிடித்த லோடு. அதற்கு நீ தனியாக ஏதோ கழித்திருக்கிறாய், என்னிடம் இருக்கும் சோர்ஸில், அதாவது நீ எழுதிய மூல வரிகளில், அந்த வரியே இல்லை. அப்படியென்றால் இந்த டி.எல்.எல். அதற்கப்புறம் நீ திருத்திக் கம்பைல் செய்தது. அந்தச் சோர்ஸ் ஆலையிலும் இல்லை, என் பழைய ஹார்ட்டிஸ்கிலும் இல்லை.

உன் வீட்டுப் பரணில் சி.டி. டப்பா ஒன்று இருந்ததே, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பாயே, அது? விபிபி என்று முடியும் விபி6 புராஜெக்ட் கோப்பு இருக்கிறதா பார். நீ ஏணியில் ஏறாதே, மருமகனை ஏறச் சொல். கிடைத்தால் கொரியரில் போட வேண்டாம், உடைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். தங்கச்சியிடம் கம்மங்களி என்று மட்டும் சொல்லி வை.

உன்
பக்கத்து மேசைக்காரன்