நீர்க் கதிர்க்குருவிக்காகக் கையொப்பமிட்ட நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பேராளர்களுக்கு,

வணக்கம். நீர்க் கதிர்க்குருவியைக் காப்பதற்காக 2003ஆம் ஆண்டு பெலாரூசின் தலைநகரான மின்ஸ்கில் உருவான புரிந்துணர்வு உடன்படிக்கையில் உங்கள் நாடுகள் கையொப்பமிட்டுள்ளன. அந்நகரத்துக்கும் அண்டைத் தலைநகரங்கள் பலவற்றுக்கும் இடையே இன்று நல்லுறவு அற்றுப்போயிருக்கிறது. இந்நிலையிலும் அப்பறவை வாழும் சதுப்புநிலங்களின் நீர்மட்டம் குறித்த பேச்சு மட்டுமாவது நின்றுவிடக் கூடாது என்று வேண்டியே இம்மடலை எழுதுகிறேன்.

பன்னிரண்டு கிராம் அளவே எடையுள்ள இப்பறவையில் ஆணும் பெண்ணும் இணையாகக் குடும்பம் நடத்துவதில்லை. பெண் பறவை தனியாகவே குஞ்சுகளை வளர்க்கிறது. அதனால் பாடும் ஆண் பறவைகளைக் கொண்டே கணக்கெடுக்கிறார்கள். உலகம் முழுவதிலும் அவற்றின் தொகை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். அவற்றுள் பெரும்பகுதி பெலாரூஸ், உக்ரைன், போலந்து ஆகிய மூன்று நாடுகளின் கோரைச் சதுப்புகளில்தான் வாழ்கிறது. ஹங்கேரியின் ஹோர்டோபாஜ் புல்வெளியில் இருந்த கூட்டம் அற்றுப்போய்விட்டது.

கோரைத் தூர்களுக்கு இடையே தாழ்வாகக் கூடு கட்டும் இப்பறவைக்குச் சில சென்டிமீட்டர் ஆழ நீரே வேண்டும்: அது வற்றினால் வில்லோப் புதர்கள் மண்டி, பூச்சிகள் குறைந்து, தனியாக இரை தேடும் தாயால் குஞ்சுகளைக் காப்பாற்ற முடியாமல் போகும்; திடீரென ஏறினால் கூடே மூழ்கிவிடும். இதன் மிகப் பெரிய இருப்பிடங்களுள் ஒன்றான பெலாரூசின் ஸ்வானெட்ஸ் சதுப்பு, நீப்பர்-பூக் கால்வாயை ஒட்டி இருக்கிறது. அக்கால்வாய்க்கு நீர் தரும் ப்ரிப்பியாத் ஆற்றின் தலைப்பகுதி உக்ரைனில் இருக்கிறது. ஒரு நாட்டின் மதகில் எடுக்கும் முடிவு மறு நாட்டின் கூட்டை நனைக்கும் இவ்விடத்தில், நீர்மட்ட அளவீடுகளைப் பரிமாறிக்கொள்ளாமல் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் பயன் தராது.

எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்ன செய்யும் என்பதற்கு நீங்களே சான்று தந்திருக்கிறீர்கள். 2018இல் ஸ்வானெட்ஸிலிருந்து ஐம்பது குஞ்சுகள் லிதுவேனியாவின் ஜுவிந்தாஸ் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கையால் பூச்சி ஊட்டி வளர்க்கப்பட்டன; அவற்றுள் 49 விடுவிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவரை பறந்து சென்று, மறு ஆண்டு அவற்றுள் 11 பறவைகள் தாம் விடுவிக்கப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தன. இவ்வளவு சிறிய, இவ்வளவு தொலைவு வலசை போகும் பறவையில் இது வியக்கத்தக்க வெற்றி என்றே கருதுகிறேன். அம்முயற்சிக்குத் துணைநின்ற பெலாரூசின் முதன்மையான பறவை அமைப்பு 2022இல் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது பேரிழப்பு. அதன் கள அறிவையும் அளவீடுகளையும் காக்கும் பொறுப்பு இப்போது உங்கள் அனைவருடையதும் ஆகும்.

போலந்தின் பியெப்ஜா பள்ளத்தாக்கில் பனிச்சறுக்குத் தளங்களில் பனியைச் சமன்செய்யும் பொறிகளை மாற்றியமைத்துச் சதுப்பில் கோரை அறுக்கிறார்கள். விவசாயிகள் கைவிட்ட அறுப்பை இவ்வாறு மீட்டது பாராட்டுக்குரியது. ஆனால் கூடுகள் காலியான பின்னரே பொறி இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு எங்கும் தளரக் கூடாது.

இப்பறவை குளிர்காலத்தைக் கழிக்கும் செனகலின் ஜூஜ் தேசியப் பூங்காவை, இறகுகளில் பதிந்திருந்த வேதிக் குறிப்புகளைத் துணைகொண்டு தேடி 2007இல்தான் கண்டறிந்தார்கள். 1986இல் தியாமா அணை கட்டப்பட்ட பின் செனகல் ஆற்றின் இயல்பான வெள்ளப்பெருக்கு மாறிவிட்டதால், அங்கும் நீரைத் திறக்கும் கால அட்டவணையே இப்பறவையின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் தம் சதுப்புகளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை ஜூஜின் மதகுகளுக்கும் அளிக்க வேண்டும்.

எனவே, இனப்பெருக்கக் காலத்தில் எல்லையோரச் சதுப்புகளின் நீர்மட்டத்தைப் பொதுவில் வெளியிடவும், அறிவியலாளர் அளவிலான தொடர்பை அரசியல் தடைகளிலிருந்து விலக்கி வைக்கவும், பால்டிக் கடலையும் கருங்கடலையும் ப்ரிப்பியாத் வழியாக இணைக்கும் ஈ-40 நீர்வழித் திட்டத்தைக் கைவிடவும் முன்வருமாறு உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர் ஒருவர்