லைக்கிபியாவில் மாடு வளர்க்கும் நிருபர்

அன்புள்ள செல்வம்,

வீட்டில் எல்லோரும் நலம். பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஊரில் மாட்டுப் பண்ணை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு உடனே ஏய்டன் ஹார்ட்லிதான் நினைவுக்கு வந்தார்.

1965இல் நைரோபியில் பிறந்தவர். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் நிருபராகச் சோமாலியாவிலும் ருவாண்டாவிலும் வேலை பார்த்தவர். 1993 ஜூலையில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் ஐ.நா. நடவடிக்கையின்போது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஒரு வீட்டைத் தாக்கின. படமெடுக்கப் போன நான்கு பத்திரிகையாளர்களைக் கொதித்துப்போன கூட்டம் கொன்றுவிட்டது. அவர்களில் மூன்று பேர் ராய்ட்டர்ஸ், இவருடைய சகாக்கள்.

அப்புறம் இவர் கென்யா மலைக்கு வடமேற்கே லைக்கிபியா மேட்டுநிலத்தில் நிலம் வாங்கி, போரான் மாடு வளர்க்கத் தொடங்கினார். தெற்கு எத்தியோப்பியாவின் போரானா மக்கள் உருவாக்கிய திமில் மாடு, வறட்சியைத் தாங்கும். ஆனால் உண்ணி பரப்பும் காய்ச்சலுக்குப் பயந்து, மருந்து கலந்த தொட்டியில் மாடுகளை அடிக்கடி நீந்தவிட்டு எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ராத்திரி சிங்கத்துக்குப் பயந்து ‘போமா’ என்னும் பட்டியில் அடைக்கிறார்கள். பட்டியை இடம் மாற்றிய பிறகு, சாணம் விழுந்த பழைய இடத்தில் புல் செழிக்கிறது. பல பத்தாண்டுகள் மான்கள் அங்கே தேடி வந்து மேய்கின்றன. நம் பக்கம் வயலில் ஆட்டுக்கிடை போடுவார்களே, அதே கணக்குதான்.

எனக்கு மனதில் நிற்பது இதைவிட வேறு விஷயம். 2017 வறட்சியில் வடக்கிலிருந்து மேய்ப்பர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளோடு அங்குள்ள பண்ணைகளுக்குள் புகுந்தார்கள். தேர்தல் ஆண்டு வேறு. துப்பாக்கிச் சூட்டில் ஒரு பண்ணைக்காரர் உயிரே போனது. இதற்கு வேர் ரொம்ப ஆழத்தில் இருக்கிறது. மாடு மேய்க்கும் மாசாய் இனம் உள்ளவரை லைக்கிபியா அவர்களுக்கே என்று 1904இல் ஒப்பந்தம் எழுதிய பிரிட்டிஷ் அரசு, 1911இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு அவர்களைத் தெற்கே அனுப்பியது. அந்த நிலம் வெள்ளைக்காரப் பண்ணைகளானது. மாட்டைச் சாகவிட மனமில்லாத மேய்ப்பனும் சரி, வேலியைக் காக்கிறவரும் சரி, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிருபர் செய்தியை அனுப்பிவிட்டு விமானம் ஏறலாம். பண்ணைக்காரர் மறுநாள் காலையிலும் அதே பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன், நீ பார்த்து வைத்திருக்கும் நிலத்தில் இதுவரை யார் மாடு மேய்த்தார்கள், கோடையில் எந்தக் கிணற்றில் தண்ணீர் காட்டினார்கள் என்று முதலில் விசாரி. பத்திரம் பார்ப்பது அப்புறம். விசாரித்துவிட்டு எழுது.

அன்புடன்,
ராகவன்