தனி ஆவர்த்தனமும் கடைசி வண்டியும்: சென்னை சபாக்களுக்கு ஒரு திறந்த மடல்

கச்சேரிகளை நடத்தும் சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

மார்கழி இசை விழா தோறும் ஒரு வருத்தம் காதில் விழுகிறது. பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தை மிருதங்கக்காரர் தொடங்கியதும் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள், லயத்துக்கு மரியாதை இல்லை என்று. வருத்தம் நியாயமானதுதான். ஆனால் எழுந்து போகிறவர்கள் எல்லாரும் கான்டீனுக்குப் போகவில்லை. ஒரு பகுதியினர் பஸ் நிறுத்தத்துக்குப் போகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

நான் இருப்பது மறைமலை நகரில். ஆறே முக்காலுக்குத் தொடங்கும் கச்சேரியில் பிரதான உருப்படிக்கு, அதாவது முக்கியப் பாட்டுக்கு, நிரவல், கல்பனாஸ்வரம் என்ற கற்பனை விரிவாக்கங்கள் எல்லாம் முடிந்து தனி வரும்போது மணி எட்டரையைத் தொட்டிருக்கும். அப்புறம் ஆழ்வார்ப்பேட்டையிலிருந்து மாம்பலத்துக்கோ கோடம்பாக்கத்துக்கோ பஸ் கிடைக்க வேண்டும், அங்கே மின்சார ரயில் பிடிக்க வேண்டும். கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போவது குறைவு, இரவில் இன்னும் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நடைமேடையில் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அதனால் தனி முடியப்போவதைச் சொல்லும் மோரா வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு, வரிசையில் இருப்பவர்களின் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே வருகிறேன். தனியை நிறைவு செய்யும் கோர்வை முடிந்து பாடகர் பல்லவியை மறுபடி எடுக்கும் அந்த இடம் ஒரு கச்சேரியின் உச்சம். மேடையில் எல்லாருடைய முகமும் மலரும் அந்த நொடியை நான் பெரும்பாலும் வானொலியில்தான் கேட்டிருக்கிறேன். கடைசியில் வரும் ராகமாலிகை விருத்தமும் தில்லானாவும் அப்படியே போய்விடுகின்றன.

பகலில் இந்தச் சிரமம் கிடையாது. சொல்லப்போனால், பொதுப் போக்குவரத்தை நம்பி வரும் ரசிகருக்குச் சென்னையைப் போல் இன்னொரு ஊர் அமைவது கடினம். பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. காலையில் ஒரு விளக்கவுரை, பன்னிரண்டு மணிக்கு வளர்ந்துவரும் ஒரு வயலின் கலைஞர், இரண்டு மணிக்கு இன்னொரு சபாவில் வாய்ப்பாட்டு, நடுவில் கான்டீனில் ஒரு ரவா தோசை. ஒரு நாள் முழுக்க இசை கேட்டாலும் செலவு ரயில் டிக்கெட்டும் சாப்பாடும்தான். வீட்டுச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய கொடை. இதற்காக உங்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

அரங்குக்கு அரங்கு நிலைமை மாறுகிறது. தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனையில் இருக்கிறது. கோட்டை ரயில் நிலையமும் உயர் நீதிமன்ற மெட்ரோவும் பக்கத்திலேயே. தி. நகர் சபாக்களுக்கு மாம்பலத்தில் இறங்கலாம். 2023இல் திறந்த ஆகாய நடைபாதை வழியாக ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் பஸ் நிலையம் வரை வந்துவிடலாம். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் கச்சேரி என்றால் திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். சிக்கல் ஆழ்வார்ப்பேட்டை, டி.டி.கே. சாலைப் பக்கம்தான். மெட்ரோவின் முதல் கட்டம் அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டாம் கட்டப் பணிக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவதால், வழக்கமாக ஏறும் நிறுத்தம் போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் இருப்பதில்லை. டிசம்பர் மழை வேறு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

மெட்ரோ வரும்போது வரட்டும். அதுவரை உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன்.

சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களிலாவது மாலைக் கச்சேரியை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். வேலை நாட்களில் அலுவலகம் முடிந்து வருபவர்களுக்கு ஆறு மணி ஒத்துவராது, அது எனக்குப் புரிகிறது. விடுமுறை நாளில் அந்தத் தடை இல்லை. நாலு மணிக் கச்சேரியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நான்கு மணி நேரக் கச்சேரியே காலத்துக்கேற்ப இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. தொடங்கும் நேரம் முக்கால் மணி நகர்வதால் மரபுக்கு ஒரு குறையும் வராது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தொடக்க விழா, விருது, பொன்னாடை, வாழ்த்துரைகள். இவை நீண்டு, ஏழு மணிக் கச்சேரி எட்டுக்குத் தொடங்கும் நாட்களில் தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு மிஞ்சுவது தொடக்கத்தில் பாடும் வர்ணமும் இரண்டு கீர்த்தனையும்தான். டிக்கெட் வாங்கியது கச்சேரிக்கு. விழாவைப் பிற்பகலில் வைத்துவிடுங்கள். கலைஞர்களுக்கும் அதுவே நல்லது. தம்புராவைச் சுருதி சேர்த்துவிட்டு எவ்வளவு நேரம்தான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்?

அப்புறம் நிகழ்ச்சி நிரல் புத்தகம். பக்கம் பக்கமாக விளம்பரம் இருக்கிறது. கார் நிறுத்துமிடம் பற்றிக் குறிப்பும் இருக்கும். எந்த நிறுத்தத்தில் இறங்குவது, பக்கத்து ரயில் நிலையம் எது, எத்தனை நிமிட நடை, கச்சேரி முடிந்தபின் தாம்பரம், செங்கல்பட்டு, ஆவடி, திருவள்ளூர் பக்கம் என்னென்ன வண்டிகள் என்பதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வாசலில் ஒரு பலகையிலும் எழுதி வையுங்கள். இரவில் பறக்கும் ரயில் நிலையத்துக்குத் தனியாக நடக்கத் தயங்கும் பெண்களும் முதியவர்களும் நிறையப் பேர். கச்சேரி முடிந்ததும் ஒரு தன்னார்வலர் முன்னால் நடந்தால் பத்துப் பேர் சேர்ந்து போய்விடுவோம்.

2023 ஐ.பி.எல். சமயத்தில் சேப்பாக்கம் ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருந்தவர்கள் அதைக் காட்டியே மெட்ரோவில் போய்வர முடிந்தது, இரவு வண்டி நேரமும் நீட்டப்பட்டது. யாரோ போய்ப் பேசினார்கள், நடந்தது. 2017இல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பு நகரம் என்று அறிவித்த ஊர் இது. எல்லா சபாக்களும் சேர்ந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்திடமும் ரயில்வேயிடமும் ஒரே மனுவாகக் கொடுத்தால் டிசம்பர் 15 முதல் ஜனவரி முதல் வாரம் வரை, ஒன்பதேகாலுக்கு டி.டி.கே. சாலையிலிருந்து மாம்பலம் நிலையத்துக்கு ஒரு சிற்றுந்து விடச் சொல்லிக் கேட்க முடியாதா? பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் சென்னை ஒன் செயலி 2025லேயே வந்துவிட்டது. அந்த ஒரு சிற்றுந்து இருந்தால் இணைப்பு முழுமையாகிவிடும்.

நிரல் அச்சுக்குப் போவதற்கு முன்பே இதை உங்கள் குழுவில் எடுத்துப் பேசுங்கள். பஸ், ரயில் விவரங்களைத் தொகுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். நானும், என்னோடு ரயிலில் வரும் தோழிகளும் செய்து தருகிறோம்.

அன்புடன்,
மறைமலை நகரிலிருந்து ஒரு ரசிகை