குரோஷா பின்னல் கணக்க தமிழ்ல போடுங்க, வாராவாரம் ஒரு சின்ன கட்டம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதறேன். உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு இருபது வருசத்துக்கு மேல வருது, ஞாயித்துக்கிழமை இணைப்புல சமையல் குறிப்பு, கோலம், அழகு குறிப்பு எல்லாம் போடறீங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா கையால தைக்கறதுக்கும் பின்னறதுக்கும் ஒரு இடம் இல்லீங்க. அது ஏன் வேணும்னு எங்களுக்கு நடந்தத வெச்சே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்க தெருவுலயும் பக்கத்து லைன்லயும் சேர்த்து நாங்க பதினோரு பொம்பளைங்க. சாயங்காலம் வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் யார் வீட்லயாவது உக்காந்து குரோஷா, அதாவது கொக்கி ஊசியால, பின்னுவோம். இந்த மலைல உல்லன் பின்னாத வீடு ஒரு காலத்துல இல்ல, இப்ப ஸ்வெட்டர் எல்லாம் ஊட்டில திபெத்தியன் மார்க்கெட்ல போய் வாங்கிடறாங்க, நாம பத்து நாள் உக்காந்து பின்னுற ஸ்வெட்டருக்கு நூல் காசே அந்த விலைய தாண்டிடும். அதனால விக்கறதுக்கு பின்னறத நாங்க விட்டுட்டோம். குடுக்கறதுக்கு மட்டும்தான். வளைகாப்புக்கு போனா குழந்தைக்கு தொப்பி, யாராவது புது வீடு போனா ஒரு மேஜை விரிப்பு, கிறிஸ்துமஸுக்கு மப்ளர், இப்படி.

போன கார்த்திகைல நாங்க முடிவு பண்ணுனோம், பனி இறங்கறதுக்கு முன்னாடி பிரசவ வார்டுக்கு 40 தொப்பி பின்னி குடுக்கலாம்னு. மார்கழி தைல இந்த பக்கம் புல்லு மேல உப்பு தூவுன மாதிரி உறைபனி நிக்கும், அந்த குளிர்ல பச்சப்பிள்ளைய ஜீப்ல வெச்சு எஸ்டேட்டுக்கு கூட்டிட்டு போறத பாத்தவங்களுக்கு தெரியும். ஒருத்தி போன்ல இருந்து ஒரு பேட்டர்ன், அதாவது பின்னல் கணக்கு, பிரிண்ட் எடுத்துட்டு வந்தா, இங்கிலீஷ்ல. எல்லாரும் ஆளுக்கு ஒரு காப்பி வெச்சுகிட்டு மூணு வாரம் ராத்திரி எல்லாம் உக்காந்து பின்னுனோம்.

கடைசில 40 தொப்பியும் பரப்பி வெச்சு பாத்தா எங்களுக்கே அதிர்ச்சியா இருந்துச்சு. ஒரே பேட்டர்ன், ஒரே நூல், ஒரே ஊசி, ஆனா பாதி தொப்பி சரியான உயரம், மீதி காதுக்கு மேலயே நின்னுக்கற மாதிரி குட்டையா இருக்கு. யார் தப்பு பண்ணுனாங்கனு ஒரே சண்டை. அப்புறம்தான் தெரிஞ்சுது, யாரும் தப்பு பண்ணல. எங்கள்ள வயசானவங்க நாலஞ்சு பேர் கான்வென்ட்ல சிஸ்டர்ங்ககிட்ட கத்துகிட்டவங்க, அது பிரிட்டிஷ் முறை. சின்ன பொண்ணுங்க யூடியூப் பாத்து கத்துகிட்டது, அதுல பெரும்பாலும் அமெரிக்கன் முறை. ரெண்டுலயும் "டபுள் குரோஷே"னு ஒரு வார்த்தை இருக்கு, ஆனா அமெரிக்காக்காரங்க டபுள்னு சொல்றத பிரிட்டிஷ்காரங்க ட்ரெபிள்னு சொல்லுவாங்க, பிரிட்டிஷ்காரங்களோட டபுள்தான் அமெரிக்காவுல சிங்கிள். உயரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். நாப்பது வருசமா பின்னுற ஒரு அக்கா, "என் கைல இவ்வளவு நாள் பழகுன தையல இப்ப வந்து வேறங்கறீங்களே"னு அன்னிக்கு கண்ணு கலங்கிட்டாங்க. அவங்க கத்துகிட்டது சரிதான், பேட்டர்ன் எழுதுனவங்களும் சரிதான், நடுவுல தமிழ்ல தெளிவா எடுத்துச் சொல்ல ஒரு காகிதம் இல்ல, அவ்வளவுதான்.

சரி, நல்லா வந்தத மட்டுமாவது குடுப்போம்னு எடுத்துட்டு போனோம். எந்த ஆஸ்பத்திரின்னு எழுதல, அது தேவையும் இல்ல. அங்க இருந்த நர்ஸ் சிஸ்டரம்மா ஒண்ணொண்ணா கைல எடுத்து பாத்துட்டு, பெரும்பாலானத திருப்பி குடுத்துட்டாங்க. மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அவங்க உக்கார வெச்சு காரணம் சொன்னாங்க பாருங்க, அத நான் எல்லாருக்கும் சொல்லணும்.

முதல்ல நூல். நாங்க வாங்குனது அக்ரிலிக், கடைல உல்லன்னுதான் சொல்லி குடுப்பாங்க, உண்மைல அது பிளாஸ்டிக் இழை. வேர்வைய உறிஞ்சாது, வார்டுல கொதிக்கற தண்ணில போட்டு அலசுனா வடிவம் போயிடும், நெருப்பு பட்டா உருகி தோல்ல ஒட்டும். நம்ம வீடுகள்ல குளிருக்கு கரி போட்டு கணப்பு வெச்சு அது பக்கத்துலயே குழந்தைய வெச்சுகிட்டு உக்காருவோம், யோசிச்சு பாருங்க. நெசமான ஆட்டு ரோமம்னா சுடுதண்ணில சுருங்கி கட்டியாயிடும், சில குழந்தைக்கு அரிக்கும். அதனால பச்சப்பிள்ளைக்கு பருத்தி நூல்தான். ரெண்டாவது, நாங்க அழகுக்கு உச்சில வெச்ச உல்லன் பந்து, பட்டன், ரிப்பன் எதுவும் ஆகாது, பிஞ்சுகிட்டு வந்தா நேரா வாய்க்குள்ள போகும். மூணாவது அளவு. சின்னதா இருந்தா போட முடியாது, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா பெருசா இருந்தா அதவிட மோசம், தூக்கத்துல சரிஞ்சு மூக்கு மேல இறங்கிடும். வளர்ந்தப்புறம் போட்டுக்கட்டும்னு நாம எல்லாத்தயும் ஒரு சைஸ் பெருசாவே பின்னுவோம் இல்லீங்களா, பச்சப்பிள்ளை தொப்பில அந்த பழக்கம் கூடாது.

அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க. இரண்டரை கிலோவுக்கு கொறஞ்சு பொறக்கற குழந்தைங்களுக்குத்தான் தொப்பி ரொம்ப அவசியம், உடம்போட ஒப்பிட்டா தலை பெருசு, சூடு அது வழியா சீக்கிரம் போயிடும். கங்காரு முறைன்னு அம்மாவோட நெஞ்சுல தோலோட தோலா குழந்தைய படுக்க வெப்பாங்க இல்லீங்களா, அப்ப குழந்தை மேல இருக்கறது ஒரு தொப்பி, சாக்ஸ், கீழ நாப்பி, அவ்வளவுதான். நாங்க பின்னுன 40ல அந்த அளவு குழந்தைக்கு சேர்ற மாதிரி ஒண்ணு கூட இல்ல. யாருக்கு தேவைன்னு கேக்காமலே பின்னிட்டோம். இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

அப்புறம் அவிழ்த்து அவிழ்த்து பாத்து, நாங்களே ஒரு கணக்கு எழுதிகிட்டோம், தையல் பேரே இல்லாம, கை என்ன பண்ணணும்னு மட்டும். அதயே இங்க எழுதறேன்.

4 ப்ளை (நூலோட கனத்த சொல்ற அளவு) பருத்தி நூல், 4 மி.மீ. கொக்கி ஊசி. 4 சங்கிலி (ஊசில இருக்கற கண்ணிக்குள்ள நூல ஒரு தடவ இழுத்தா ஒரு சங்கிலி) போட்டு முதல் சங்கிலில குத்தி வளையமாக்கிக்கங்க. தையல் இப்படி: ஊசில நூல ஒரு சுத்து சுத்தி, வளையத்துக்குள்ள விட்டு நூல இழுங்க, இப்ப ஊசில மூணு கண்ணி இருக்கும், மறுபடி நூல எடுத்து மூணுக்குள்ளயும் ஒரே இழுப்பா இழுத்துடுங்க. இதுல ஓட்டை அதிகம் வராது, குழந்தை விரல் மாட்டாது. முதல் சுத்துல இந்த தையல் 8. ரெண்டாவது சுத்துல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு, 16. மூணாவதுல ஒண்ணுல ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு, 24. நாலாவது சுத்துல ரெண்டு தையல்ல ஒண்ணொண்ணு, அதுக்கு அடுத்த தையல்ல ரெண்டு, 32. இப்படியே சுத்துக்கு 8 கூட்டிகிட்டு போனா அஞ்சாவதுல 40, ஆறாவதுல 48. சுத்து எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரிய வேற கலர் நூல் துண்டு ஒண்ண சொருகி வெச்சுக்கங்க, இல்லாட்டி எண்ணிக்கை தப்பிடும்.

இப்ப ஸ்கேல் வெச்சு அந்த வட்டத்த அளக்கணும். இதுதான் முக்கியம், ஏன்னா ஒருத்தர் கை இறுக்கம், ஒருத்தர் கை லூசு. மாசம் நெறஞ்சு பொறந்த குழந்தையோட தலை சுத்தளவு 33ல இருந்து 35 செ.மீ. இருக்கும், தொப்பி அதவிட ஒரு 3 செ.மீ. கொறஞ்சாத்தான் பிடிச்சு நிக்கும். வட்டத்தோட குறுக்களவ 3.14 ஆல பெருக்கினா சுத்தளவு, பள்ளிக்கூடத்துல படிச்சதேதான். குறுக்க 10 செ.மீ. வந்தா சுத்தளவு 31.4, அங்க கூட்டறத நிறுத்திட்டு ஒண்ணுக்கு ஒண்ணா பின்னிகிட்டே வந்து, உச்சில இருந்து ஓரம் வரைக்கும் 14 செ.மீ. வந்ததும் முடிச்சுடுங்க. 10 வரலைன்னா இன்னொரு சுத்து கூட்டுங்க, தாண்டிட்டா ஒரு சுத்து பிரிங்க. குறைமாசத்து குழந்தைக்கு தலை 28 செ.மீ. கூட இருக்கும், அதுக்கு 40லயே நிறுத்தி வட்டம் 8 செ.மீ., உயரம் 11 செ.மீ. போதும். கடைசி நூல் முனைய முடிச்சு போட்டு விட்டுடாதீங்க, ஊசில கோத்து ஒரு பக்கம் ஓட்டி, திரும்ப மறு பக்கமும் ஓட்டுங்க, எத்தன தடவ அலசுனாலும் பிரியாது.

தொப்பிய வெறுமனே குடுக்கறதில்ல, ஒரு துணிப்பையில போட்டு குடுக்கறோம். நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் பைய தமிழ்நாடு முழுக்க தடை பண்றதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடியே நிறுத்திட்டாங்க, மாநிலம் முழுக்க வந்தது 2019 ஜனவரி 1ல இருந்துதானே, அப்புறம் 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சாங்க. ஆனா பரிசு குடுக்கறப்ப மட்டும் மினுமினுக்கற கிஃப்ட் பேப்பர்தான் சுத்தறோம், பிரிச்சதும் குப்பை. பைக்கு பழைய பருத்தி சேலையோ காடா துணியோ போதும். காடான்னா முதல்ல தண்ணில ஊறப்போட்டு அலசி காய வெச்சுட்டு வெட்டுங்க, தைச்சப்புறம் சுருங்கும். 38 செ.மீ. அகலம் 45 செ.மீ. உயரத்துல ரெண்டு துண்டு, தைச்சு மடிச்சப்புறம் 35க்கு 40 பை வரும். கைப்பிடிக்கு 55 நீளம் 10 அகலத்துல ரெண்டு பட்டை, நாலா மடிச்சு தைங்க. மெஷின் இல்லாதவங்க கையாலயே தைக்கலாம், ஆனா ஓட்டுத்தையல் போட்டா வெயிட்டு தாங்காது, ஒவ்வொரு தடவையும் பின்னாடி ஒரு எட்டு போய் முன்னாடி வர்ற பேக் ஸ்டிட்ச் போடுங்க, கைப்பிடி சேர்ற இடத்துல சதுரமா தைச்சு நடுவுல மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி.

பழைய வேட்டிய மட்டும் பைக்கு வெட்டாதீங்க. நம்ம பாட்டிங்க பொறந்த குழந்தைக்கு முதல்ல பழைய பருத்தி வேட்டித்துணிதான் போடுவாங்க, நூறு தடவ துவைச்ச துணி மாதிரி மெதுவா எந்த புதுத்துணியும் இருக்காது. 90 செ.மீ. சதுரமா வெட்டி ஓரம் மடிச்சு தைச்சா குழந்தைய சுத்தறதுக்கு ஆச்சு. நான் இத ஒரு செட்டா, ரெண்டு தொப்பி, ரெண்டு துணி, ஒரு பைன்னு குடுக்கறேன், போன மாசம் ஒரு சின்னப்பொண்ணு அத வாங்கி துணிய கன்னத்துல வெச்சு பாத்துகிட்டே இருந்துச்சு.

முதியோர் இல்லத்துக்கு குடுக்கணும்னு நினைக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பின்னுன சாக்ஸ் குடுக்காதீங்க, ரெட் ஆக்சைடு தரையிலயும் டைல்ஸ்லயும் வழுக்கி விட்டுடும். முழங்கால் மேல போர்த்திக்கற சின்ன போர்வை குடுங்க, 75க்கு 90 செ.மீ. இருந்தா வீல்சேர் சக்கரத்துல மாட்டாது.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு. நம்ம மலையோட பழங்குடி தோடர் பொம்பளைங்க போடற பூத்தையல பாத்து நாமளும் பைல மப்ளர்ல அதே மாதிரி போட்டு "நீலகிரி டிசைன்"னு குடுக்கறது நல்லால்லீங்க. அவங்க வெள்ளை பருத்தித் துணில சட்டம் எதுவும் மாட்டாம, இழைய ஒண்ணொண்ணா எண்ணி சிவப்பு கறுப்பு நூல்ல போடறது அது, 2013ல புவிசார் குறியீடும் கெடச்சிருக்கு. வேணும்னா அந்த பொம்பளைங்ககிட்டயே காசு குடுத்து வாங்கி பரிசா குடுங்க. நமக்கு போட வேற எத்தனையோ இருக்கு.

சேர்ந்து பண்ணுனா எவ்வளவு முடியும்னு நம்ம ஊர் பொம்பளைங்க காட்டியிருக்காங்க. 2016 ஜனவரி 31ம் தேதி சென்னைல மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்ங்கற குழு 11,148.5 சதுர மீட்டருக்கு குரோஷா போர்வைய விரிச்சு கின்னஸ்ல பேர் வாங்குனாங்க, அப்புறம் அத தனித்தனி போர்வையா தேவைப்பட்டவங்களுக்கு குடுத்தாங்க. அவ்வளவு பேர் கைல இருக்கற ஒரு வேலைக்கு தமிழ் பேப்பர்ல ஒரு கட்டம் கெடைக்காதா?

நான் கேக்கறது இதுதான். வாரத்துக்கு ஒரு பொருள், செ.மீ.ல அளவு, தையல் பேர் எந்த நாட்டு முறைன்னு சொல்லி, கை என்ன பண்ணணும்னு தமிழ்ல நாலு வரி. முடிஞ்சா அந்த வாரம் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த இல்லத்துக்கு என்ன வேணும்னு விசாரிச்சு பக்கத்துல போட்டீங்கன்னா, எங்கள மாதிரி யாரும் மூணு வாரம் பின்னி திருப்பி வாங்கிட்டு வர மாட்டாங்க. முதல் வாரத்துக்கு மேல எழுதுன தொப்பியவே போட்டுக்கங்க, நாங்க பதினோரு பேரும் தனித்தனியா பின்னி ஸ்கேல் வெச்சு பாத்துட்டோம், எல்லாம் ஒரே அளவுல வந்துச்சு, அந்த கான்வென்ட்ல படிச்ச அக்காவோடதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்