இரவல் மாத்திரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேடையேறும்முன் கை நடுங்காமலிருக்க, வீட்டிலுள்ள வேறொருவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த, படபடப்பை அடக்கும் புரோப்ரனலோல் மாத்திரையை இரவல் வாங்கி விழுங்கும் வழக்கம் பினாங்கில் நம்மவரிடையே இருப்பது எனக்குப் பெரும் கவலையளிக்கிறது.

சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அச்ச வேளையில் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின், உடற்செல்களில் அதனை ஏற்றுச் செயல்படும் ‘ஏற்பிகளில்’ பீட்டா 1 ஏற்பிகள் வழியாக இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. பீட்டா 2 ஏற்பிகள் வழியாக மூச்சுக்குழாய்களை விரிக்கிறது. ஆஸ்துமா நோயாளிகள் உறிஞ்சும் சால்பியூட்டமால் மருந்தும் இந்த பீட்டா 2 ஏற்பிகளைத் தூண்டியே வேலை செய்கிறது. புரோப்ரனலோல் இருவகை ஏற்பிகளையும் அடைத்துவிடுவதால், படபடப்பு அடங்கும் அதே வேளையில் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் கடுமையாகச் சுருங்கக்கூடும்; அந்நேரத்தில் கையிலுள்ள இன்ஹேலரும் போதிய பலன் தராமல் போகலாம்.

இன்சுலின் போடும் இனிப்புநீர் நோயாளிகளுக்கோ, சர்க்கரை இறங்குவதை உணர்த்தும் நடுக்கமும் படபடப்பும் மறைந்து, பெரும்பாலும் வியர்வை மட்டுமே அறிகுறியாக மிஞ்சும். பினாங்கு வெயிலில் வியர்வையை யார் பொருட்படுத்துவார்?

மருத்துவர் ஆலோசனைப்படி இம்மாத்திரையை உண்டுவருவோர் அதைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை உறையில் ஆஸ்துமா எச்சரிக்கையைத் தமிழிலும் எழுதித்தர மருந்தகங்கள் முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு