ஏரி இந்த வருஷமும் உறையவில்லை

சுவா, ஜப்பான், பிப்ரவரி 2025

அன்புள்ள யாழினி,

"ஏரி உறைஞ்சுதாம்மா?" என்று போனில் கேட்டாயே, நம் சுவா ஏரி உறையவில்லையடி. இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து யட்சுருகி கோயில் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் விடியும் முன்பே கரைக்கு வந்துவிடுகிறார்கள். காற்றின் குளிரையும் தண்ணீரின் குளிரையும் அளக்கிறார்கள். ஓரத்தில் மெல்லிசாகப் பனி படிந்திருந்தால் உடைத்து, கனம் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். நானும் நாலைந்து நாள் போய் நின்றேன்.

2018இல் ராத்திரி ஏரி முழங்கியது நினைவிருக்கிறதா? நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். இரவுக் குளிரில் பனிப்பாளம் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் ஏறும் தண்ணீரும் உறையும். பகலில் பாளம் விரியும்போது இடமில்லாமல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். தென்கரைக் கோயிலில் இருக்கும் தகெமினகதா சாமி, வடகரையில் இருக்கும் தன் மனைவி யசகதோமேயைப் பார்க்க நடந்து போன தடம் அது என்பார்கள். 'ஒமிவதாரி', சாமி கடந்த வழி. எனக்கு இரண்டு விளக்கமும் பிடிக்கும், ஒன்றுக்காக இன்னொன்றை விடமாட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வரப்பு எழும்பவே இல்லை. மைனஸ் பத்து டிகிரிக்கும் கீழே சில நாள் விடாமல் குளிர வேண்டும். இப்போது அந்தக் குளிர் நிலைப்பதில்லை.

வருஷாவருஷம் ஏரியைப் பார்த்து எழுதும் இந்தக் குறிப்பு 1443இல் தொடங்கியது. சுவாப் பெரிய கோயிலில் எழுதிவந்ததை, 1683 முதல் இந்தச் சின்ன யட்சுருகி கோயில் எழுதுகிறது. தடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, அந்த வருஷம் விளைச்சல் எப்படி, அரிசி என்ன விலை, எல்லாம் அதில் உண்டு. உலகம் சூடாவதை ஆராய்கிறவர்கள் இன்று அதைத்தான் புரட்டுகிறார்கள். எழுதியவர்களுக்கு அது தெரியாது, சாமி வந்தாரா என்று மட்டும் பார்த்தார்கள்.

இந்த முறையும் 'அகெ நோ உமி' என்றே அறிவித்தார்கள். உறையாத திறந்த நீர். அந்த வெறும் வருஷத்தையும் பிரார்த்தனையோடு ஏட்டில் ஏற்றுகிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த ஜனவரியில் லீவு கிடைத்தால் வா. உன் கம்பளிக் கையுறை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. காலை ஆறு மணிக்குள் கரைக்குப் போய்விட வேண்டும்.

அம்மா