கருவிக் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதருக்குப் பதிலாக இணையதளங்களைத் திறந்து படிவம் நிரப்பும் செயற்கை நுண்ணறிவு முகவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மொரீசியஸிலிருந்து படித்தேன். முகவர்களின் திறமையை விரிவாகச் சொன்ன கட்டுரை, அவை எதைப் படித்துவிட்டு உலாவியை இயக்குகின்றன என்பதைத் தொடவில்லை. இங்குள்ள எபேன் நகரில் மென்பொருள் சோதனையாளராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு, வாழையிலையில் ஏழு கறியோடு பந்தி வைக்கத் தக்க மண்டபம் ஒன்றை முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையை ஒரு முகவரிடம் ஒப்படைத்தேன். பிரெஞ்சில் இருந்த படிவத்தில் பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை எல்லாவற்றையும் சரியாக நிரப்பி, ‘ரெசெர்வே’ என்ற பொத்தானை அது அழுத்தியது. மண்டபத்தாரின் தளம் மந்தமாக இருந்ததால் 30 வினாடிக்குள் மறுமொழி வராமல் போக, உலாவியை இயக்கும் கருவி ‘நேரம் கடந்துவிட்டது’ என்று பிழைச்செய்தி தந்தது. முகவர் மறுபடியும் அழுத்தியது. பிறகு மூன்றாம் முறையும் அழுத்தியது. உண்மையில் முதல் அழுத்தமே போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை எங்கள் பொருளாளரின் கைப்பேசியில் மூன்று முன்பணம் கழிக்கப்பட்ட செய்தி வரிசையாக இருந்தது.

அந்தக் கருவியின் ஆவணத்தைத் திறந்து பார்த்தேன். அழுத்தும் கட்டளைக்கு எதிரே ஒரே வரிதான்: ‘கொடுத்த பொத்தானை அழுத்தும்.’ நேரம் கடந்தால் அழுத்தவே இல்லை என்று பொருளா, அழுத்திவிட்டு மறுமொழிக்காகக் காத்திருந்ததில் நேரம் முடிந்தது என்று பொருளா என்பது எங்கும் இல்லை. முகவரைக் குறை சொல்லி என்ன பயன்? என்னிடம் அந்த வரியை மட்டும் கொடுத்திருந்தால் நானும் மறுபடி அழுத்தித்தான் இருப்பேன்.

உலாவியை இயக்கும் இக்கருவிகள் எவையும் முதலில் முகவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் சிகாகோவில் செலீனியம் என்ற கருவியைத் தொடங்கியது, தம் நிறுவனத்தின் உள் செயலி ஒன்றைச் சோதிப்பதற்காக. அதே வகைக் கருவிகளான கூகுளின் பப்பெட்டியர் 2017இலும் மைக்ரோசாஃப்டின் பிளேரைட் 2020இலும் வந்தபோதும் ஆவணத்தைப் படிக்கப்போகிறவர் ஒரு நிரலாளர் என்றே எண்ணினார்கள். நிரலாளர் ஒரு வரி புரியாவிட்டால் திரையைப் பார்ப்பார், ஓட்டிப் பார்ப்பார், பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பார். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, முகவர்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறையில், கருவியின் பெயர், அதன் விளக்கம், அதற்குத் தர வேண்டிய உள்ளீடுகளின் வடிவம் ஆகியவையே முகவருக்குப் போய்ச் சேர்கின்றன. பல முகவர்கள் அந்தக் கருவியைப் பற்றிப் படிக்கும் ஆவணம் அந்தச் சில வரிகள் மட்டும்தான். மறுமுறை செய்தால் கூடுதல் விளைவு உண்டா, எதையேனும் அழித்துவிடுமா என்பவற்றைக் குறிப்பதற்கு 2025 மார்ச்சில் வந்த திருத்தம் இடம் தந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் கருவியை எழுதியவர்தான். என்னுடைய மூன்று முன்பணக் கதையில் அந்த இடம் காலியாக இருந்தது.

எந்தப் பொத்தான் என்று சுட்டும் முறையையும் ஆவணம் சொல்ல வேண்டும். பார்வையற்றோரின் திரைவாசிப்பான்களுக்காக உலாவி உள்ளுக்குள் கட்டிவைக்கும் பக்க அமைப்பையே பிளேரைட்டின் எம்.சி.பி. சேவை எழுத்தாக எடுத்துத் தருகிறது. அதில் ‘பொத்தான், ரெசெர்வே’ என்பது போல ஒவ்வோர் உறுப்புக்கும் வகையும் பெயரும் ஓர் அடையாளக் குறியும் இருக்கும். பக்கம் மாறினால் அந்தக் குறி செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும். இதை எழுதிவைக்காவிட்டால் முகவர் பழைய குறியோடு மல்லுக்கட்டும். ‘மேலிருந்து மூன்றாவது பொத்தான்’ என்று வரிசையை நம்பி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கும் இந்திக்கும் இருந்த வரிசை 1998இல் மாறியதற்காக நோட்டையே திரும்பப் பெறவைத்த ஊர்க்காரர்கள் நாங்கள். வரிசை எவ்வளவு எளிதில் மாறும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆவணம் நீளமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முகவர் ஒரு நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளும் எழுத்துக்கு அளவு உண்டு, அதற்குக் காசும் உண்டு. இணையப் பக்கத்தில் தென்படும் எழுத்து முகவர் படிப்பதற்குரியதே தவிர, அது பின்பற்ற வேண்டிய கட்டளை அல்ல என்ற எச்சரிக்கையும் ஒரே வரியில் அடங்கும். வெற்றிபெற்றால் என்ன வரும் என்பதற்கு ஒரு பங்கு எழுதினால், தோற்றால் என்ன வரும், அப்போது எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இரண்டு பங்கு எழுத வேண்டும் என்பதே என் கணக்கு.

எங்கள் அலுவலகத்துக் கருவியின் விளக்கத்தில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: ‘நேரம் கடந்தது என்று பிழை வந்தாலும் பொத்தான் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருக்கலாம். மறுபடி அழுத்தும் முன் பக்கத்தைப் புதிதாக எடுத்து, உறுதிச் செய்தி இருக்கிறதா என்று பார்க்கவும். பணம் சம்பந்தப்பட்டதாயின் மனிதரைக் கேட்கவும்.’ மண்டபத்தார் ஒரு முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மற்றதற்காகப் பொருளாளர் இன்னும் நடையாய் நடக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
குவாத்ர் போர்ன், மொரீசியஸ்